மண்ணுக்கு மூச்சுப் பார்க்கும் அக்கா

ஜாடியின் மூடியை இறுக்கித் திருகிவிட்டு, அதன் வயிற்றில் அக்கா இரண்டு தட்டு தட்டுகிறார். "நல்லா மூச்சு விடுங்கடா செல்லங்களா, வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன்." உள்ளே இருப்பது ஒரு கைப்பிடி மண், அதன் நடுவே சிறு கிண்ணத்தில் காஸ்டிக் சோடா கரைத்த காரநீர். செல்லங்கள் என்று அவர் கொஞ்சுவது அந்த மண்ணில் குடியிருக்கும் நுண்ணுயிர்களை.

மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. நுண்ணுயிர்கள் விடும் மூச்சைக் காரநீர் பிடித்து வைத்துக்கொள்ளும்; பிடிக்கப் பிடிக்க அதன் காரம் குறையும். பிறகு அதில் நிறம் காட்டும் மருந்தை விட்டால் இளஞ்சிவப்பாகும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்போது நிறம் சீக்கிரம் மறைந்தால் மண் நன்றாக மூச்சு விட்டிருக்கிறது. அடம்பிடித்தால் உயிர் குறைந்துவிட்டது. கூடத்தில் எல்லோருக்கும் அவர் மூச்சக்கா.

சொட்டு எண்ணும்போது பக்கத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது. "நீ தும்முனா எனக்கு எண்ணிக்கை போயிடும். உசுரோட இருக்குற மண்ண செத்துப்போச்சுன்னு எழுதிடுவேன். அந்தப் பாவம் யாருக்கு?"

கணவருக்குச் சூளைத் தொழில். காய்ந்த கிளைகளைக் காற்றுப் புகாமல் மூட்டம் போட்டுக் கரியாக்குவார். அந்தக் கரியின் துளைகளில் நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துவதைச் சோதித்துச் சொன்னவர் மூச்சக்காதான். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சூளைப் புகையைக் குளிரவைத்து, வழிகிற பழுப்பு நீரையும் டிரம்மில் பிடித்து, செடிக்கு நல்லதென்று விற்கக் கிளம்பிவிட்டார். கூடத்தின் சான்று மட்டும் இருந்தால், குளத்தை ஒட்டிய நாற்றுப்பண்ணை வருடம் முழுக்க வாங்கத் தயார்.

"நம்ம சரக்கும்மா, பாத்துச் செய்" என்று பாட்டிலை நீட்டினார்.

"வீட்டுலதான் நீங்க என் வீட்டுக்காரரு. இங்க நூத்தியேழாம் நம்பர் பாட்டில்."

ஐந்தாம் நாள், புகைநீர் ஊற்றிய மண்ணில் இளஞ்சிவப்பு போகவே மாட்டேன் என்றது. பண்ணையோரக் குளத்து நீரில் அதைக் கலந்து வைத்த பாட்டிலில் பாசியின் பச்சை வெளுத்துக் கிடந்தது. கட்டினவர் சரக்காயிற்றே என்று மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அதே கதை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. 'தேறவில்லை' என்று எழுதினார். இயக்குநர் கையெழுத்தானதும் தாளைக் கணவரிடம் நீட்டினார்.

"தண்ணியே கலக்கலையா நீங்க?"

"கெட்டியா இருந்தாத்தான வேல செய்யும்?"

"செய்யும், செய்யும். மண்ணுல இருக்குறது, குளத்துல இருக்குறது, ஒண்ணு விடாம கொன்னுட்டு வந்திருக்கு. அதுங்களுக்கு வாயில்லைங்க. இருந்தா உங்கள வையும்."

இரண்டு நாள் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உப்புப் போதவில்லை என்பதைக்கூடச் சுவரிடம்தான் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு பங்குக்கு ஐந்நூறு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, புதுப் பாட்டிலோடு வரிசையில் வந்து நின்றார். இதுவும் தேறாவிட்டால் பண்ணை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

முடிவு தெரியும் நாளில் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே காத்திருந்தார். உள்ளே, புதுச் சரக்கு கலந்த குளத்து நீர் பச்சைப்பசேலென்று இருந்தது. மூச்சக்கா சொட்டு விட்டார். எதுவும் ஊற்றாத வெறும் மண்ணுக்கு ஆன அதே எண்ணிக்கையில் நிறம் மறைந்தது. மறுபடி செய்தார், மறுபடியும் அதேதான். இயக்குநர் கையெழுத்துப் போடும்வரை முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது கூடத்தின் விதி. ஜன்னலில் கணவர் புருவத்தை உயர்த்தி, "என்னாச்சு?" என்று கெஞ்சினார். மூச்சக்கா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரும்பி, தாளோடு இயக்குநர் அறைக்கு நடந்தார்.

முதுகுக்குப் பின்னால், உறை மாட்டிய இடது கையில், கட்டைவிரல் மட்டும் மேல்நோக்கி நிமிர்ந்து நின்றது.