ஆரியர் வரிசையில் யாரை நிறுத்துவது

கொடைக்கானல் மிஷன் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. நிரந்தரமாவது பள்ளி இன்ஸ்பெக்டர் முன் நடத்தப்போகும் மாதிரிப் பாடத்தைப் பொறுத்திருந்தது. பாடம், ஆரியர் வருகை. தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவளே நான்தான். இந்த வேலையும் போனால் அங்கே எனக்கு என்ன சோலி இருக்கிறது? காப்பிப் பழம் பறிக்கக்கூட எனக்கு வராது.

மாதிரிப் பாடம் என்றால் அந்தப் பள்ளியில் படத்துக்குப் பதிலாகப் பிள்ளைகளையே முன்னால் நிறுத்துவார்கள். மூத்த ஆசிரியை வழி சொன்னார்.

"செவத்த பிள்ளைகள ஜன்னல் பக்கம் நிப்பாட்டுங்க டீச்சர், அது ஆரியர். கருத்ததுகள செவரோரம், அது திராவிடர். வெரசா முடிஞ்சிரும். வருசா வருசம் அப்படித்தான்."

முந்தின நாள் ஒத்திகை பார்த்தேன். ஜன்னல் பக்கம் போக ஒரே தள்ளுமுள்ளு.

"ஏலே, பவுடர் அப்பிட்டு வந்தா ஆரியனாயிருவியாக்கும்?" என்றான் ஒரு பையன் இன்னொருவனிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க டீச்சர்?"

அந்த அறையில் என்னைவிடக் கறுத்தவர் யாரும் இல்லை. ஒத்திகையை அதோடு நிறுத்திப் பிள்ளைகளை உட்காரச் சொன்னேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வரிசையில் நிறுத்த நான் யாரையும் எழுப்பவில்லை. கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். வேதம் பாடியவர்கள் தங்களைத் தாங்களே ஆரியர் என்றார்கள். ஈரானின் பெயரும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். பழந்தமிழில் கயிற்றின் மேல் ஆடிப் பிழைத்த வடநாட்டாரும் ஆரியரே. பின்னால் ஐரோப்பாவில் மொழிகளின் உறவைக் கண்டார்கள். அதைச் சிலர் இரத்த உறவாக்கி, மூக்கை அளந்தார்கள். ஹிட்லர் அந்தச் சொல்லை வைத்து மனிதர்களைப் பிரித்து நிறுத்திக் கொன்றான். நம்மூர் மேடைகளிலும் அது பெருமையாகவும் வசவாகவும் புழங்குகிறது என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

"லைன் நிப்பாட்டலயாம்மா? போன வருசம் நல்லா இருந்துச்சே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நிப்பாட்டுனா நான் எங்க நிக்கிறதுன்னு தெரியலைங்க சார்."

யாரோ களுக்கென்றார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பரீட்சைக்குப் பிள்ளைக எத எழுதும்?"

"புத்தகத்துல உள்ளதையும் நடத்திருவேங்க சார்."

பேனாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். அதன் பிறகு தலைமையாசிரியை அறையிலிருந்து ஆள் வந்தாலே சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். ஒருநாள் கூப்பிட்டார்கள்: இன்னும் ஓராண்டு தற்காலிகம்.

அடுத்த ஆண்டும் அதே இன்ஸ்பெக்டர், அதே பாடம். பிள்ளைகளை உட்கார வைத்தே நடத்தினேன்.