எங்கள் கூரை மேல் சாய்ந்த தென்னை

புயல் வருகிறது என்றதும் கூரை ஷீட் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், எல்லையில் நிற்கும் தென்னை எங்கள் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

அது எங்கள் மரமா, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் மரமா என்று தஞ்சாவூர் கோர்ட்டில் ஒன்பது வருடமாக வழக்கு. பேச்சுவார்த்தை கிடையாது. இன்று வேறு வழியில்லாமல் வேலியோரம் போய்க் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, உங்க மரம் எங்க கூரை மேல சாயுது. கொஞ்சம் வந்து பாருங்க."

"அது உங்க மரம்மா. உங்கப்பாதான ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாரு."

ஒன்பது வருட வாதத்தை இருவருமே ஒரே நிமிடத்தில் கைவிட்டோம்.

அப்புறம் அவரே வடக்கயிறும் கொண்டு, மரமேறுகிற ஒருவரையும் கூட்டிவந்தார். மரமேறுகிறவர் உச்சியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி இறக்க, சித்தப்பா கயிற்றைத் தன் பக்கமாகவே இழுத்துப் பிடித்திருந்தார். ஷீட்டில் ஒரு கீறல் இல்லை. இப்போது மழை கொட்டுகிறது. வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சித்தப்பா கேட்டார்: "தேங்காய யாரு எடுத்துக்கறது?"

நாலு குலையும் சரியாக எல்லைக்கல் மேல் நனைந்துகொண்டிருக்கின்றன.

சட்டம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். சட்னிக்குத் தேங்காய் இல்லை.