வேண்டாம்காரரின் படகு

எங்கள் ஏரித்துறையில் அவருக்கு வேண்டாம்காரர் என்று பெயர். எதிர்க்கரைக் குகைக்கு ஆட்களைத் துடுப்புப் படகில் கூட்டிப்போய் வருவது தொழில். மேற்குக் காற்று எழுந்துவிட்டால் யார் கேட்டாலும் 'வேண்டாம்' என்பார். குகை வாயில் அலை படகைப் பாறையில் அறைந்துவிடும். ஓய்வு பெறும்வரை இந்தப் படகுத்துறையின் விபத்துகளைப் பதிவேட்டில் எழுதிவைத்தவன் நான். அவர் படகைப் பற்றி ஒரு வரிகூட எழுத நேர்ந்ததில்லை.

அதை இன்று மதிப்பார் யார்? மாலை வெயிலில் குகை பொன்னாக மின்னுவதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து வரும் கூட்டத்துக்கு ஏரி பொருட்டில்லை. அந்த வெயிலில் தங்கள் முகம் தெரிய வேண்டும். வெயில் அப்படி விழும் நேரத்தில்தான் காற்றும் எழும். அவர் மறுப்பார். 'திமிர் பிடித்த கிழவன்' என்று போனில் எழுதி, ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போவார்கள்.

மாமனார் பெயரில் இணையத்தில் பக்கம் தொடங்கியவன் அவர் மருமகன். வசைகளுக்குப் பதில் எழுதி மாளாமல், அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டான். வருகிறவர்கள் மனம் குளிர எழுதச் சொன்னவன், பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. அது குளிரக் குளிர எழுதியது. மன்னிக்கவும், அடுத்த முறை மாலையில் நானே உங்களைக் குகைக்கு அழைத்துப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் அவர் பெயரில் வாக்குக் கொடுத்தது. கொடுத்த வாக்குக்காக அது மூழ்கப்போவதில்லையே!

போன வாரம் ஒரு குடும்பம் அந்தப் பதிலை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. தாயின் இடுப்பில் கைக்குழந்தை. காற்று எழுந்திருந்தது. நான் எழுதவில்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. சொன்ன சொல் மாறுகிறவனை உலகமே பார்க்கட்டும் என்று போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய மருமகன் துடுப்பை எடுத்தான்.

"இன்னைக்கு ஒரு நாள் விடுங்க மாமா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீச்சல் எப்ப கத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை? அதையும் போன்லயேவா?"

தாய் குழந்தையோடு படகை நோக்கிக் காலெடுத்தாள். அவர் அவளை முந்திக்கொண்டு படகில் இறங்கினார். படகைக் கரையேற்றி வைக்கும்போது மழைநீரை வடிக்க அடியில் ஒரு துளை உண்டு. அதன் தக்கையைப் பிடுங்கித் தூர எறிந்தார். சோறு போட்ட படகு எல்லோர் கண் முன்னாலும் நிறைந்து, ஆழமில்லாத அந்தத் துறையிலேயே உட்கார்ந்துவிட்டது.

குடும்பம் திட்டி எழுதிவிட்டுப் போனது. தண்ணீரை இறைக்க அவர் வாளியை எடுப்பதற்குள் பதிலும் போயிருந்தது: 'மன்னிக்கவும். நாளை மாலை அவசியம் வாருங்கள்.' மருமகன் அதை உரக்க வாசித்தான்.

அவர் வாளியை அவன் காலடியில் போட்டார்.

"முதல்ல அதோட வாயை அடைங்க. அப்புறம் வந்து இறைங்க."