கடலுக்குள் விழாத கார்

அன்று பள்ளிமுனையில் என் கேம் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், அக்காவின் கணவரான அத்தான், ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற மூன்று இளந்தாரிகள். சோளகக் காற்று கடுமையாக இருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. காற்று நாளில் கடை நிறையும் என்று நம்பித்தான் கார்ப் பந்தய கேமின் இரண்டாம் பாகத்தை அன்று போட்டேன்.

அது பழைய கேம் பெட்டியில் ஓடாது. புதுப் பெட்டிக்கு, வலை எடுக்க வைத்திருந்த இருபத்தையாயிரம் ரூபாயை அத்தான் தந்திருந்தார். இந்தப் பெடியளுக்குப் பிடிக்காவிட்டால் அவருக்கு வலை இல்லை.

முதலாம் பாகத்தில் எங்கள் ஆட்கள் பந்தயம் ஓடியது குறைவு. அதில் கடலோரம் ஒரு பாலம் வரும். கம்பியை இடித்துக்கொண்டு காரைக் கடலுக்குள் விடுவார்கள். கடைசியாகத் தாழும் கார்தான் வென்ற கார். தோற்றவர்தான் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கவேண்டும். கேமைச் செய்தவர்களுக்கே தெரியாத விதி இது.

புதியதில் கார் மின்னியது, ரோட்டில் மழை பெய்தது. மூவரும் வாய் பிளந்து பார்த்தார்கள். பாலம் வந்ததும் மூத்தவன் திருப்பி இடித்தான். கம்பி உடையவில்லை.

"அண்ணை, கடல் பூட்டிக் கிடக்கு!"

"நல்லா இடியடா," என்றான் மற்றவன்.

"இடிச்சனான். கோயில் மதில் மாதிரி நிக்குது. விழ ஏலாத காருக்கு ஐம்பது ரூபாயோ? பழசைப் போடுங்கோ அண்ணை."

கேம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எதையாவது மாறி அழுத்திவிட்டேனோ என்று பயந்து, நிறுத்தித் திரும்பப் போட்டேன். கடல் திறக்கவில்லை. அடுத்த டிவியில் பழைய பெட்டியைக் கொழுவிக் கொடுத்தேன். அத்தானின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவரோ புதுப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தார். ஒருமுறை வள்ளம் தாழ்ந்து, வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்து மிதந்து கரை சேர்ந்த மனிதர் அவர். கேம் விளையாடியதே இல்லை. மற்றக் கார்கள் கடந்து போக, தான் மெல்ல ஓட்டினார். பாலத்தில் வேண்டுமென்றே ஒருதரம் முட்டிப் பார்த்தார்.

"அத்தான், காசை எப்பிடியும் தந்திடுவன்..."

"சும்மா இரடா. இதெல்லோ கேம்! என்ன செய்தாலும் தாழுதில்லை."

"அப்ப வலை?"

"பழசைப் பொத்துவம். அரை மணித்தியாலத்துக்கு ஐம்பதெண்டு கடனிலை கழிச்சுக்கொண்டு வா."

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு வருவார். பந்தயத்தில் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். ஆனாலும் கை தட்டச் சொல்லுவார். இளந்தாரிகள் கையில் போன் வந்ததும் கடையை மூடிவிட்டேன். பெட்டி இப்போது என் வீட்டில். காசாகக் கொடுத்தால், "ஓடித்தான் கழிப்பன்" என்று மறுத்துவிடுகிறார். ஓட ஓடப் பெட்டி சுடுகிறது. கடன் கழியும்வரை தாங்குமோ என்பதுதான் இப்போது என் பயம். இன்னும் கழிய இருப்பது பதினெட்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.