இரண்டு போகம் விளைந்த பொட்டல்

அது என் தாத்தாவின் வயல் என்று இன்று அவரிடம் நான் சொல்லவில்லை.

திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலைக்குப் பொன்விழா மலர் எழுதுகிறாராம். முகநூலில் 'வரலாற்று ஆய்வாளர்'. எந்த வயலில் என்ன பயிர் என்று அறுபதுகளில் ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிவைத்த அடங்கலை என் பக்கம் தள்ளினார்.

"இன்னாம்மா இது, கோழி கிண்டுனா மாரி கீது. நம்ம ஆலை இருக்கிற எடத்த மட்டும் படிச்சி சொல்லேன்."

அந்த இடத்தில் தாத்தா பயிரிட்டதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, அடங்கலில் இருக்கும் அந்த ஒரு வரிதான். அதைத் தேடித்தான் நானும் வந்திருந்தேன்.

"ஏரிப் பாசனம் சார். ரெண்டு போகமும் நெல்லு."

"நெல்லா? அத்த வுடும்மா. பொட்டக்காடா கெடந்துச்சின்னு எழுதினாதான் கம்பெனிக்கு கெத்து."

"அப்போ இதை எதுக்கு சார் பாக்கறீங்க?"

"ஆதாரம் வேணும்ல?"

ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாத அந்த ஆய்வாளர், அடங்கலை மூடி, அட்டை தெரிய நெஞ்சோடு பிடித்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சாயங்காலமே முகநூலில் பதிவு போட்டுவிட்டார். 'புல்லும் முளைக்காத பூமியில் எழுந்த ஆலை.' ஆதாரத்துக்கு அந்தப் படம். அதன் கீழே, ஆவணத்தைப் படித்து உதவியதற்காக எனக்குப் பெயர் சொல்லி நன்றி.