நான்காம் வகைப் பிள்ளைகள்

மனித குலத்தை வகை பிரிக்கும் பொறுப்பு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நட்டு போல்ட்டுப் பட்டறைக்கு மாடியில் இருந்தது. பொறுப்பாளர் மணவாளன். பள்ளிகளுக்கு மனத்திறன் தேர்வு நடத்தித் தரும் அந்த நிறுவனத்தில், பிள்ளைகளின் விடைகளைப் பார்த்துக் கணினி அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும். கூட்டங்களுக்குப் பெயர் வைப்பது இவர். 'ஆய்வாளர்', 'படைப்பாளர்', 'தலைவர்' என்று மூன்று பெயர்களை வைத்தே பல வருஷம் குடும்பம் நடத்திவிட்டார்.

இந்த வருஷம் முதலாளி திருவேங்கடம், அறிக்கை அட்டையை நாலு நிறத்தில் அச்சடித்துவிட்டார்.

"மூணு கூட்டம்தான் சார் வருது."

"நாலு கலர் அடிச்சாச்சு மணவாளன். நாலா பிரிக்கச் சொல்லுங்க. அது இன்னா, மாட்டேன்னா சொல்லப் போவுது?"

சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்ட பிள்ளைகளைத் திரட்டி, நாலாவதாக நிறுத்தியது. எழுதாத கேள்விக்கு 'இல்லை' என்று பதிவது அலுவலக வழக்கம். புதிர் பிடிக்குமா? இல்லை. சந்தேகம் கேட்பாயா? இல்லை. எதற்கும் இல்லை என்கிற இந்த ஜீவன்களுக்கு, மணவாளன் டீ குடித்தபடியே 'அமைதியாளர்' என்று பெயர் சூட்டினார். 'கணினிப் பிரிவு உகந்ததல்ல' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார். வரி கச்சிதமாக விழுந்ததில் அவருக்குத் திருப்தி.

தாளில் பெயர் கிடையாது, எண்தான். அதனால் அந்த வரி அண்ணனூரில் தன் வீட்டுக்கே வந்து சேரும்வரை, அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் ரோஷினிக்குப் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் கிடையாது என்று பள்ளியில் அட்டையை நீட்டிவிட்டார்கள்.

"கடைசிப் பக்கத்த ஏன்மா எழுதல?"

"வேன் அண்ணா ஹாரன் அடிச்சிட்டே இருந்தாருப்பா. ஃபர்ஸ்ட் ட்ரிப் எல்லாரும் பேப்பரக் குடுத்துட்டு ஓடிட்டோம்."

வேன் ஓட்டும் கஜபதியும் மறுக்கவில்லை. "நான் இன்னா சார் பண்றது? இவங்கள எறக்கிட்டு செகண்ட் ட்ரிப்புக்கு ஓடியாரணும். எம் பொண்ணு பவ்யாவே பாதில எய்ந்து வந்துச்சு. அதுக்கும் அதே அட்டதான். கம்ப்யூட்டர் குரூப்பு வோணும்னு ஊட்ல அய்துகினு கீது."

ஆக, விஞ்ஞானம் கண்டெடுத்த நான்காம் மனித வகை, முதல் ட்ரிப் வேன்.

மணவாளன் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். திருவேங்கடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லார் அட்டையும் தப்புன்னா, நாளைக்கு எந்த ஸ்கூல் நம்மள உள்ள விடும்? உங்க பொண்ணுத மட்டும் மாத்திக்குங்க. நான் பாக்கல."

மணவாளன் மனசாட்சியோடு போராடினார். கணினி திறக்கிற நேரம் வரைக்கும் போராடினார். பிறகு ரோஷினி ஆய்வாளர் ஆனாள்.

பள்ளி திறந்த காலையில் கஜபதி வேனை விட்டு இறங்கி வந்தார்.

"பாப்பாவுக்குக் கெடச்சிடுச்சாமே, சந்தோஷம் சார். நீங்க அந்த ஆபீஸ்லதான கீறீங்க. நம்ம பவ்யாவுக்கும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அதுல நாம கை வைக்க முடியாது கஜபதி. புள்ளைங்க சுபாவத்தப் பாத்து கம்ப்யூட்டரே பிரிக்கிறது."

"அப்டிங்களா? நான் அவசரப்படுத்துனதாலதான் கெட்டுச்சோன்னு தூக்கமே இல்ல சார்."

"சேச்சே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கஜபதி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட ரோஷினி வேனில் ஏறி, பவ்யா நகர்ந்து கொடுத்த இடத்தைப் பார்க்காததுபோல் பின் சீட்டுக்குப் போனாள்.