கேக்குக்குக் கத்தின அப்

கம்பஸ் கடைசி வருசம் நான் போனுக்கு ஒரு அப் செய்தனான், ஆக்கள் தங்கட நாளாந்தச் செலவைக் கட்டுப்படுத்துறதுக்கு. அப்ப எனக்கு ஒரே எடுப்பு. கிளிநொச்சியில வயல்காரன்ர பெடியன் நான். நெல்லுக்காசு வந்து மூண்டு மாதத்தில அப்பா கடனுக்குக் கடைக்காரனைப் பாத்து இளிக்கிறதைக் கண்டு வளந்தவன். காசைப் பிடிச்சு வைக்கிற வித்தை எனக்குத்தான் தெரியும் எண்ட நினைப்பு.

முதல் பாவிச்சவா என்ர சிநேகிதன்ர அம்மா. கொக்கிளாயில வீடு. அங்கிள் கடலுக்குப் போவார், காசு முழுக்க அன்ரியின்ர கையில. ஆரோ ஒராளின்ர வலையில பங்குக்குத்தான் தொழில். சொந்த வலை எடுக்கோணுமெண்டு அன்ரி மிச்சம் பிடிச்சுக்கொண்டிருந்தவா.

அவாவுக்கு ஏத்த மாதிரித்தான் செய்தனான். மீன் வெட்டின கையோட சின்ன எழுத்தெல்லாம் ஆர் வாசிக்கிறது? செலவுக்குரிய படத்தைத் தட்டி, தொகையைத் தட்டினாச் சரி. நாளுக்கு வைச்ச அளவு தாண்டினா சத்தமாச் சொல்லும். சொல்லுறது என்ர குரல்! கணக்கு வாத்தி மாதிரி இழுத்துப் பதிவு செய்தனான். ஆனா ரெண்டு மாதமா அந்தக் குரல் வெளியில வரவேயில்லை. அன்ரி ஒருநாளும் அளவு தாண்டேல்ல.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் சிநேகிதனோட அங்க நிக்கேக்க, வலை விக்கிற சம்மாட்டி வந்தார். ரெண்டு மூண்டு வள்ளம் வைச்சிருக்கிற ஆள். பாதிக்காசு இப்ப, மிச்சம் மாதம் மாதம் எண்டு கதை. வீட்டைப் பாத்துத்தான் முடிவு சொல்லுவாராம். வந்த ஆளை வெறும் தேத்தண்ணியோட அனுப்பேலாதெல்லோ. அன்ரி கடைக்கு ஓடிப்போய் கேக்கும் சோடாவும் வாங்கிவந்து அவருக்கு முன்னால வைச்சா. வைச்சிட்டு குசினிக்குள்ள போய், நேர்மையா, அந்தச் செலவைப் போனில தட்டினா.

"இண்டைக்குச் செலவு அளவு தாண்டிட்டுது! இனி ஒரு சதமும் எடுக்காதேங்கோ!"

குசினிக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில ஒரு தகரம்தான். சம்மாட்டி வாய்க்குக் கொண்டுபோன கேக்கைத் திருப்பித் தட்டில வைச்சார். என்னைப் பாத்தார்.

"தம்பி, உம்மட குரல் மாதிரிக் கிடக்கு."

"ஓம் ஐயா... அது படிப்புக்குச் செய்த ஒரு..."

"ஒரு துண்டு கேக்குக்கே காசு காணாதெண்டால், மாதம் மாதம் நான் ஆரிட்ட வந்து நிக்கிறது?"

எழும்பிட்டார். சிநேகிதன் என்ர காலை மிதிச்சான். ரெண்டு மாதமா மிச்சம் பிடிச்ச வலை என்ர வாயால போகுதெண்டு விளங்கிச்சு.

அன்ரி வெளியால வந்தா. முகத்தில ஒரு பதட்டமும் இல்லை.

"காசு இல்லையெண்டு ஆர் அண்ண சொன்னது? இண்டைக்கெண்டு வைச்சதுதான் முடிஞ்சுது. வலைக்கெண்டு வைச்சதில ஒரு ரூபா தொடேல்ல. உந்தக் கத்தலே அதைத் தொடாம இருக்கத்தான்." தட்டைத் தள்ளினா. "இருந்து தின்னுங்கோ. திண்டாலும் தின்னாட்டிலும் செலவு போட்டாச்சு."

சம்மாட்டி சிரிச்சுப்போட்டார். கதிரையில திரும்ப இருந்து முழுசாத் திண்டார். அன்ரி அலுமாரியைத் திறந்து பாதிக்காசைக் கொண்டுவந்து குடுத்தா.

"திங்கக்கிழமை வந்து வலையை ஏத்துங்கோ," எண்டார் சம்மாட்டி.

அவர் போனாப்பிறகு அன்ரி போனை என்ர மடியில போட்டா.

"இஞ்ச பார், என்ர வீட்டுக் காசுக் கதை ஊருக்குத் தேவையில்லை. உது கத்த வேண்டாம். கையில ஒரு நுள்ளு நுள்ளினாக் காணும்."

அண்டைக்கே குரலை அழிச்சன். இப்ப அளவு தாண்டினா போன் கைக்குள்ள ரெண்டு தரம் அதிரும், அவ்வளவுதான்.